வேலியும் பயிரும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று துறைத்தலைவர் அன்புடன் கேட்டிருந்தார். 30 ஆண்டுகள் இலக்கணமும் காப்பியமும் கற்பித்து ஓய்வு பெற்றோம். ஆதலின் சீறாப்புராணத்து நாட்டு வளம் பற்றியோ, சங்கப் பாடல்களின் பொருள்வயிற் பிரிவு பற்றியோ யாம் எழுதுவோம் என அவர் எண்ணியிருத்தல் கூடும். இவ்வாண்டு அவ்வாறு எழுத மனம் ஒப்பவில்லை. ஒரு சொல்லின் பொருளை ஆராயாது யாம் கூறிய அறிவுரை ஒன்று எம் மக்களின் சேமிப்பை எங்ஙனம் அசைத்தது என்பதைச் சொல்ல விழைகிறோம். சொல்லாராய்ச்சி எம் தொழில். அத்தொழிலிலேயே யாம் தவறினோம். ஆகவே இதனை ஒரு தமிழாசிரியரின் பிழைதிருத்தம் என்றே கொள்க.

பொருள்வயிற் பிரிவு சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை. எம் மகளும் மருமகனும் 2012ஆம் ஆண்டு முதல் ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில் வாழ்கின்றனர். மருமகனுக்குக் கணினித் துறையில் பணி. பொருநைக் கரையிலுள்ள எம் ஊரில், எம் வீட்டை அடுத்த மனையில் ஒரு வீட்டைக் கட்டிவைத்து, பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு முடிந்ததும் வந்து குடியேறுவது என்பது அவர்களின் நெடுநாள் எண்ணம். அதற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த தொகையும், பிள்ளைகளின் படிப்புக்கென ஒதுக்கிய தொகையும் ஒன்றாக வங்கியில் இருந்தன.

2021ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இரவு மருமகன் தொலைபேசியில் அழைத்தார். "மாமா, அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் நிதி ஒன்று இங்குள்ள பங்குச் சந்தையில் கிடைக்கிறது. அதில் இரண்டு வகை. ஒன்று சாதாரணமானது. மற்றொன்று 'கரன்சி ஹெட்ஜ்டு' என்பது. இரண்டாவதுதான் பாதுகாப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

யாம் பொருளியல் கற்றோமல்லோம். எனினும், கேட்ட சொல்லுக்கு உடனே பொருள் சொல்லும் பழக்கம் எம் நாவில் ஊறிப்போயிற்று. "ஹெட்ஜ் என்றால் வேலி அல்லவா மாப்பிள்ளை? வேலியிட்ட பயிரும் வேலியில்லாப் பயிரும் ஒன்றாகுமா? வேலியிட்டதையே வாங்குங்கள்" என்று கூறிவிட்டோம். எம் சொல்லை மதித்து அவர் மறுவாரமே சேமிப்பு முழுவதையும் அந்நிதியில் இட்டார்.

ஓராண்டு கழிந்து, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யாமும் எம் துணைவியாரும் மெல்போர்ன் சென்றிருந்தோம். கட்ட வேண்டிய வீட்டின் வரைபடம் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் கிடந்தது. அதுபற்றிக் கேட்டோம். மருமகன் வேறு பேச்சுக்குப் போனார். அவர் தொழுகைக்குச் சென்றபின் எம் மகள் மெல்லச் சொன்னாள்: "போட்டதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது வாப்பா. வேலி போட்டிருந்தும் போய்விட்டதே என்றுதான் அவருக்கு விளங்கவில்லை."

அவள் எம்மைக் குறை கூறவில்லை. அதுவே எம்மைச் சுட்டது. அன்றிலிருந்து அந்நகரின் நூலகத்துக்கு நாள்தோறும் சென்று, 'வேலி' என்று யாம் எளிதாகச் சொல்லிவிட்ட அப்பொருள் யாது எனக் கற்கத் தொடங்கினோம்.

சந்தையில் விற்கும் நிதி

பலரிடமும் பணம் திரட்டிப் பங்குகளை வாங்கும் பரஸ்பர நிதியை நம்மவர் அறிவர். அந்நிதியின் அலகுகளைத் தனி நிறுவனத்தின் பங்கைப் போலவே சந்தை நேரத்தில் வாங்கவும் விற்கவும் இயலுமாறு அமைத்தால், அஃது இ.டி.எஃப். எனப்படும் சந்தை வணிக நிதியாகிறது. அமெரிக்காவில் இவ்வகை நிதி 1993ஆம் ஆண்டு சனவரியில் வணிகத்துக்கு வந்தது. இத்தகைய நிதிகளுட் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு குறியீட்டெண்ணைப் பின்பற்றுவன. எந்தப் பங்கு உயரும், எது தாழும் என்று ஆரூடம் கூறும் வேலை இவற்றின் மேலாளருக்கு இல்லை. குறியீட்டில் உள்ளவற்றை உள்ள விகிதத்தில் வாங்கி வைத்தலே அவர் கடமை. ஆதலால் கட்டணமும் குறைவு.

எம் மருமகன் வாங்கிய நிதி பின்பற்றியது நாஸ்டாக் 100 என்னும் குறியீடு. 1985ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் தொடங்கப்பெற்ற இக்குறியீட்டில், நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பெற்ற நிறுவனங்களுள் நிதித்துறை சாராத மிகப் பெரிய 100 நிறுவனங்கள் இடம்பெறுகின்றன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அமேசான், என்விடியா முதலியன அவற்றுட் சில. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இதில் இல்லை என்பது நம் சமுதாயத்தார் பலரை இக்குறியீட்டின்பால் ஈர்த்தது.

வேலி இடும் முறை

அயல்நாட்டுப் பங்கை வாங்குவோர் உண்மையில் இரண்டு பொருள்களை வாங்குகின்றனர். ஒன்று அந்தப் பங்கு. மற்றொன்று அந்தப் பங்கு விலை பேசப்படும் நாணயம். பங்கு அசையாதிருப்பினும் நாணயம் அசையும்.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898ஆம் ஆண்டு கிடைத்த உரோமானியப் பொற்காசுகளுட் பெரும்பாலானவற்றில் மன்னர் தலையின் குறுக்கே வெட்டுக்கீறல் காணப்படுகிறது. நம் முன்னோர் அக்காசுகளை அயல் மன்னர் முகத்துக்காக அன்றிப் பொன்னின் எடைக்காகவே மதித்தனர் என்பர். இன்றைய நாணயத்தில் பொன் இல்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் அமெரிக்கா தன் டாலருக்குப் பொன் தருவதை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவோ 1983ஆம் ஆண்டு டிசம்பரில் தன் டாலரைச் சந்தையின் போக்குக்கே விட்டது. அன்று தொட்டு அதன் விலை நாளும் நாழிகையும் மாறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓர் ஆஸ்திரேலிய டாலர் 80 அமெரிக்க சென்டுக்குச் சமமாக இருக்கும்போது ஒருவர் 10,000 ஆஸ்திரேலிய டாலரை முதலிடுகிறார் எனக் கொள்வோம். அஃது 8,000 அமெரிக்க டாலர் பங்காகிறது. பங்கின் விலை சிறிதும் மாறவில்லை; ஆனால் ஆஸ்திரேலிய டாலர் உயர்ந்து அமெரிக்க டாலருக்குச் சமமாகிவிட்டது. இப்போது அவர் கையில் இருப்பது 8,000 ஆஸ்திரேலிய டாலரே. மாறாக, ஆஸ்திரேலிய டாலர் 64 சென்டாகத் தாழ்ந்திருந்தால் அதே பங்கு 12,500 ஆஸ்திரேலிய டாலர் ஆகியிருக்கும். பங்கு அசையவில்லை, நாணயமே 2,000 குறைத்தது, அல்லது 2,500 கூட்டியது.

இந்த அசைவை நீக்குவதே நாணய வேலி. நிதியின் மேலாளர் வங்கிகளுடன் முன்பேர ஒப்பந்தம் செய்துகொள்கிறார். அடுத்த மாதம் குறித்த நாளில் இத்தனை அமெரிக்க டாலரை இன்ன விலைக்கு ஆஸ்திரேலிய டாலராக மாற்றுவோம் என்பது அதன் சாரம். அமெரிக்க டாலர் தாழ்ந்தால் ஒப்பந்தத்தில் ஆதாயம் கிடைத்துப் பங்கின் இழப்பை ஈடுசெய்யும். அமெரிக்க டாலர் உயர்ந்தால் ஒப்பந்தத்தில் இழப்பு நேர்ந்து பங்கின் ஆதாயத்தை எடுத்துக்கொள்ளும். மாதம் முடிந்ததும் புதிய ஒப்பந்தம். மேற்காட்டிய இரு நிலையிலும் வேலியிட்டவர் கையில் ஏறத்தாழ அதே 10,000 டாலர் இருக்கும்.

இதைக் கற்ற அன்றுதான் எம் முதற்பிழை விளங்கிற்று. எம் ஊர் வயல்வேலி ஆட்டையும் மாட்டையும் வெளியே நிறுத்தும். மழையையும் வெயிலையும் உள்ளே விடும். நாணய வேலியோ மாட்டையும் தடுக்கும், மழையையும் தடுக்கும். தீமையை மட்டும் தடுத்து நன்மையை உள்ளே விடும் வேலி அன்று அது.

வேலி காவாத பயிர்

இரண்டாம் பிழை அதனினும் பெரிது. அந்த வேலி நாணயத்துக்கு இட்டது, பங்குக்கு இட்டதன்று. 'பாதுகாப்பு' என்னும் சொல்லைக் கேட்டதும், முதலுக்கே பாதுகாப்பு என்று மருமகன் எண்ணிவிட்டார், யாமும் எண்ணினோம்.

2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வரை அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் ஏறத்தாழ சுழியத்தில் இருந்தது. விலைவாசியை அடக்க அவ்வங்கி வட்டியை அடுத்தடுத்து உயர்த்தி, டிசம்பரில் 4.25 முதல் 4.50 விழுக்காடு வரை கொண்டுவந்தது. எதிர்கால வருவாயை நம்பி உயர்ந்த விலையில் நின்ற தொழில்நுட்பப் பங்குகள் இதனால் பெரிதும் தாழ்ந்தன. அந்த ஓராண்டில் நாஸ்டாக் 100 குறியீடு ஏறத்தாழ 33 விழுக்காடு இழந்தது. எந்த நாணய வேலியும் அதைத் தடுத்திருக்க இயலாது.

இதுவும் புதிதன்று. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் உச்சத்திலிருந்த இக்குறியீடு, 2002ஆம் ஆண்டு அக்டோபருக்குள் தன் மதிப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இழந்தது. அந்தப் பழைய உச்சத்தை மீண்டும் அடைய ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆயின. இவ்வரலாற்றை ஒரு மணி நேரம் படித்திருந்தால் சேமிப்பு முழுவதையும் ஒரே இடத்தில் இடுமாறு எவரும் சொல்லார். யாம் படிக்கவில்லை, சொன்னோம்.

வேலியின்மையே வேலி

மூன்றாவதாக யாம் கற்றது எம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஆஸ்திரேலியா இரும்புத் தாதுவும் நிலக்கரியும் ஏற்றுமதி செய்து வாழும் நாடு. உலகில் தொழில் செழிக்கும்போது அதன் டாலர் உயர்கிறது. உலகை அச்சம் பற்றும்போது தாழ்கிறது. 2008ஆம் ஆண்டு சூலையில் 98 அமெரிக்க சென்டாக இருந்த அந்த டாலர், அவ்வாண்டின் நிதி நெருக்கடியில் அக்டோபருக்குள் 60 சென்ட் அளவுக்குச் சரிந்தது. 2020ஆம் ஆண்டு சனவரியில் 70 சென்டாக இருந்தது, பெருந்தொற்று பரவிய மார்ச்சில் 55 சென்ட் வரை இறங்கியது.

பங்குகள் சரியும் காலத்திலேயே ஆஸ்திரேலிய டாலரும் சரிவது பெரும்பான்மை. அப்போது அமெரிக்க டாலரில் உள்ள பங்கு வேலியில்லாதவருக்குச் சற்றே மெத்தையாக அமைகிறது. பங்கில் இழந்ததன் ஒரு பகுதி நாணயத்தில் திரும்பி வருகிறது. வேலியிட்டவரோ அந்த மெத்தையைத் தம் கையாலேயே அகற்றிவிடுகிறார். அன்றியும், ஒப்பந்த இழப்பைப் பணமாகச் செலுத்த வேண்டியிருப்பதால், நிதியானது விலை தாழ்ந்த நேரத்தில் பங்குகளை விற்கவும் நேரிடும். 2022ஆம் ஆண்டிலும் இதுவே நிகழ்ந்தது. தொடக்கத்தில் 72 சென்ட் அளவிலிருந்த ஆஸ்திரேலிய டாலர் அக்டோபரில் 62 சென்ட் அளவுக்கு இறங்கியது. வேலியில்லா நிதியை வாங்கியோர் இழப்பு சற்றுக் குறைவாயிற்று. எம் மருமகனுக்கு முழு இழப்பு.

அவ்வாறாயின் வேலியே தீதோ எனின், அதுவும் அன்று. 2001ஆம் ஆண்டு ஏப்பிரலில் 48 சென்டுக்கும் கீழே கிடந்த அதே டாலர், 2011ஆம் ஆண்டு சூலையில் 110 சென்டாக உயர்ந்தது. அப்பத்தாண்டில் அமெரிக்கப் பங்குகளை வேலியின்றி வைத்திருந்த ஆஸ்திரேலியர், நாணய மாற்றத்தால் மட்டுமே பாதிக்கு மேல் இழந்தனர். அவர்களுக்கு வேலி பேருதவியாக இருந்திருக்கும். ஆகவே வேலி நன்றா தீதா என்னும் வினாவே பிழையானது. கேட்க வேண்டிய வினா வேறு.

வட்டியின் நிழல்

அவ்வினாவுக்குச் செல்லுமுன், நம் சமுதாயப் பெரியோர் கருத வேண்டிய ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். முன்பேர ஒப்பந்தத்தின் விலை எவ்வாறு உறுதி செய்யப்படுகிறது? இரு நாட்டு வட்டி விகிதங்களின் வேறுபாடே அதன் அடிப்படை. ஆஸ்திரேலிய வட்டி உயர்வாக இருந்தால் வேலியிட்டவருக்கு அந்த வேறுபாடு வரவாகும். அமெரிக்க வட்டி உயர்வாக இருந்தால் செலவாகும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க விகிதம் 5.25 முதல் 5.50 வரையும், ஆஸ்திரேலிய விகிதம் 4.35 ஆகவும் இருந்தன. அந்நிலையில் வேலியைக் காப்பதற்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு செலவாகும். வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதன் ஒரு சிறு வடிவம் இது.

இச்செய்தியைக் கேட்டதும் மருமகன் துணுக்குற்றார். வங்கிகளும் மதுவணிகரும் இல்லாத நிதி என்று மகிழ்ந்திருந்தவர், உள்ளே வட்டியின் நிழல் விழுவதை அறிந்திருக்கவில்லை. அந்நகரத்து ஆலிம் ஒருவரிடம் சென்று வினவினோம். நாணயத்துக்கு நாணயம் மாற்றுவது கைக்குக் கை நிகழ வேண்டும். பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்துச் செய்யும் மாற்றை ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை என்று அவர் விளக்கினார். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்டு இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கு நெறிமுறை வகுக்கும் ஆயோஃபி அமைப்பும், இழப்பைத் தவிர்க்கும் நோக்கத்துக்காகக்கூட இத்தகைய நாணய ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. இதில் தீர்ப்புக் கூறும் தகுதி எமக்கு இல்லை. பெயரைப் பார்த்து வாங்காமல், உள்ளே என்ன ஒப்பந்தம் இருக்கிறது என்பதைக் கற்றறிந்தவரிடம் கேட்டு வாங்குக என்று மட்டும் சொல்வோம்.

வாப்பா கட்டிய வீடு

நூலகத்தில் இவற்றையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள், எம் வாப்பாவின் நினைவு வந்தது. அவர்கள் கொழும்பு புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்தார்கள். யாம் 11 வயதுச் சிறுவனாக இருந்த 1966ஆம் ஆண்டு சித்திரையில் ஊருக்கு வந்து, கொத்தனாரிடம் செங்கல், சுண்ணாம்பு, தேக்கு மரம் அனைத்துக்கும் விலை பேசி முடித்தார்கள். முடித்த கையோடு, அன்றைய விதிகளுக்கு உட்பட்டு வீட்டுக்கான சேமிப்பை இந்திய ரூபாயாகக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் சம மதிப்புடையவை.

இரண்டு மாதம் கழியவில்லை. 1966ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் இந்திய அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆயிற்று. இலங்கை ரூபாயோ பழைய நிலையிலேயே நின்றது. 100 இலங்கை ரூபாய்க்குக் கணக்கின்படி 157 இந்திய ரூபாய்! உறவினர் வீட்டுக்கு வந்து, "இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா காக்கா? ஒன்றரை வீடு கட்டியிருக்கலாமே" என்று துக்கம் விசாரிப்பவர் போலப் பேசினர்.

வாப்பா கூறிய மறுமொழி இன்றும் எம் செவியில் உள்ளது. "நான் காசு விற்கவா போனேன்? வீடு கட்டத்தானே போனேன். விலை பேசியாயிற்று, பணம் வந்தாயிற்று, வீடு எழும்புகிறது. இதில் எனக்கு எங்கே நட்டம்?" என்றார்கள். மறு ஆண்டு, 1967 நவம்பரில், இலங்கையும் தன் ரூபாயின் மதிப்பை 20 விழுக்காடு குறைத்தது. இன்னும் உயரும் என்று காத்திருந்தோர் கையிலிருந்து கிடைத்த ஆதாயத்தின் ஒரு பகுதி நழுவியது. வாப்பா அப்போதும் எதுவும் பேசவில்லை. அவர்கள் கட்டிய வீட்டில்தான் யாம் இன்றும் வாழ்கிறோம்.

பள்ளி இறுதி வகுப்பையும் எட்டாத எம் வாப்பா அறிந்திருந்ததை, முனைவர் பட்டம் பெற்ற யாம் அறியவில்லை. செலவு எந்த நாணயத்தில், எந்த நாளில் வரவிருக்கிறதோ, அதை நோக்கியே வேலி போட வேண்டும் என்பதுதான் அது. அவர்கள் இட்ட வேலி ஆதாயத்துக்காக இட்டதன்று. பேசிய விலைக்கு வீடு முடிய வேண்டும் என்பதற்காக இட்டது.

எந்த நாணயத்தில் உலை கொதிக்கும்?

இப்போது எம் மருமகனின் நிலையைப் பார்ப்போம். அவர் வாங்கிய நிதி, அமெரிக்க டாலரின் அசைவிலிருந்து அவரை ஆஸ்திரேலிய டாலருக்குள் அழைத்துவந்து வேலியிட்டது. ஆனால் வீடு கட்டப்போவது மெல்போர்னில் அன்று, பொருநைக் கரையில். கொத்தனாருக்குக் கூலி ரூபாயில். சிமெண்டும் கம்பியும் ரூபாயில். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 74 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர், ஆண்டு முடிவில் 83 ரூபாயை நெருங்கியது. ஆஸ்திரேலிய டாலர் ரூபாய்க்கு எதிராக அவ்வளவு உயரவில்லை. ஊர் வீட்டுக்கு வேண்டிய ரூபாயை எண்ணிப் பார்த்தால், அவ்வேலி தேவையற்ற இடத்தில் இட்ட வேலி. பக்கத்து வயலுக்கு இட்ட வேலி.

அதே வேளையில் பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஆஸ்திரேலிய டாலரில் வருவது. அதற்கு அந்நாட்டு நாணயமே பொருத்தம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் செலவாகப்போகும் அத்தொகை பங்குச் சந்தையில் இருக்கவே கூடாது. ஒரே குடும்பத்தின் ஒரே சேமிப்பில் இருவேறு செலவுகள், இருவேறு நாணயங்கள், இருவேறு காலங்கள் இருந்தன. யாம் அனைத்துக்கும் ஒரே சொல்லால் விடை கூறிவிட்டோம்.

நம் மாணவர் பலரின் தந்தையரும் தமையன்மாரும் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். அவர்கள் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. ஐக்கிய அரபு நாடுகளின் திர்ஹம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் 3.75 என்றும் அமெரிக்க டாலரோடு பிணைக்கப்பட்டுள்ளன. ஆகவே அவர்கள் பெறும் ஊதியம் பெயரளவில்தான் வேறு, இயல்பில் டாலரே. 1990ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 17 ரூபாய். 2023ஆம் ஆண்டின் முடிவில் 83 ரூபாய். ஊரில் செலவிடுவோர்க்கு இந்நீண்ட காலத்தில் டாலரே துணையாக நின்றது. அதனால் இனியும் அவ்வாறே என்று உறுதி கூற எவராலும் இயலாது. ஆயினும், தம் ஊதியம் எந்த நாணயத்தில், செலவு எந்த நாணயத்தில் என்று ஒரு தாளில் எழுதிப் பாராமல் எந்த நிதியையும் வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

பிழைதிருத்தம்

ஊர் திரும்பும் முன்னாள் இரவு மருமகனை அருகழைத்து, "மாப்பிள்ளை, அன்று யாம் தெரியாமல் சொன்னோம், அறியாததை அறியேன் என்று சொல்லியிருக்க வேண்டும்" என்றோம். அவர் பதறி எம் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் வாங்கியிருப்பேன் மாமா" என்றார். அது உண்மையோ, எம் மனம் நோகாதிருக்கச் சொன்னதோ, அறியோம். நாணயம் என்னும் தமிழ்ச்சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அன்றிரவு அவரிடம் யாம் கண்டது இரண்டாவது.

தாழ்ந்த விலையில் அவர் விற்கவில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அக்குறியீடு தன் பழைய உச்சத்தைக் கடந்தது. இட்ட முதல் ஏறத்தாழ மீண்டது. இதை எவரும் திறமை எனக் கொள்ளற்க. 2000ஆம் ஆண்டில் வாங்கியோர் 15 ஆண்டுகள் காத்திருந்தனர். எம் மக்கள் இரண்டே ஆண்டில் தப்பினர் என்பது இறைவன் அருள். வேலியிட்ட நிதியிலிருந்து அவர் முற்றும் வெளியேறினார். பள்ளிச் செலவுக்குரியது வங்கியின் வட்டியில்லாக் கணக்குக்குச் சென்றது. நெடுங்காலத்துக்குரிய சிறு பகுதி மட்டும் ஆலிமின் அறிவுரைப்படி ஆராய்ந்த பங்குகளில் வேலியின்றி உள்ளது. வீட்டுக்குரிய தொகை, 2024ஆம் ஆண்டு கொத்தனாரிடம் விலை பேசி முடித்த வாரமே ரூபாயாக ஊர் வந்து சேர்ந்தது. அதன்பின் டாலர் ஏறிற்றா இறங்கிற்றா என்று யாம் பார்க்கவில்லை, வாப்பாவும் பார்த்திலர்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் கடல் கடந்து சென்று பொருளீட்டுவீர்கள். புதிய சொற்கள் பல உங்கள் செவிக்கு வரும். பாதுகாப்பு, வேலி, அரண், உறுதி என்று அழகிய தமிழிலும் அவை வரும். சொல் பழகியதாக இருப்பதால் பொருளும் பழகியது என்று எண்ணிவிடாதீர்கள். எதற்கு வேலி, எதனின்று வேலி, வேலிக்குக் கூலி எவ்வளவு என்ற மூன்றையும் கேளுங்கள். விடை தெரியாத பெரியவர் எவரேனும் உடனே மறுமொழி கூறினால், அவர் உங்கள் தமிழாசிரியராகவே இருந்தாலும், சற்றுப் பொறுத்து இன்னொருவரையும் கேளுங்கள்.

எம் வீட்டை அடுத்த மனையில் இப்போது கடைக்கால் முடிந்து சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. மாலையில் வாப்பாவின் திண்ணையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.